டிரெய்லர் துருவுக்குப் பூச்சு: டப்பாவைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். டிராக்டர் டிரெய்லர் வாங்கி இது நான்காவது வருடம். தரைத்தகடு நெடுகத் துரு. போன தை அறுவடையில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஆள் கால் வைத்த இடத்தில் தகடு கிழிந்து, கணுக்கால் வரை உள்ளே இறங்கிவிட்டது. ஏழு தையல். பட்டறையில் தரையை முழுவதும் அறுத்து மாற்றச் சொல்கிறார்கள். பெயிண்ட் கடையில், இரண்டு டப்பாவைக் கலந்து நீங்களே பூசிக்கொள்ளலாம், ரப்பர் மாதிரி இறுகிக்கொள்ளும், பத்து வருடத்துக்குக் கவலையே இல்லை என்கிறார்கள். வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை. எதைச் செய்வது என்று கேட்கிறார்.

கால் இறங்கிய தகட்டைப் பூச்சு காப்பாற்றாது. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். பூச்சு என்பது நல்ல தகட்டுக்குப் போடும் சட்டை. இற்றுப்போன தகட்டின் மேல் அதைப் பூசினால், ஓட்டை கண்ணுக்குத் தெரியாமல் மறையும், அவ்வளவுதான். அடுத்த முறை கால் வைப்பவருக்கு அது இன்னும் ஆபத்து. ஆனால் தரை முழுவதையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா என்பது தனிக் கேள்வி. பெரும்பாலும் வேண்டியிருக்காது.

எந்த இடம் போயிற்று, எந்த இடம் நிற்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க ஒரு சுத்தியல் போதும். பெட்டியைக் காலி செய்து, கழுவிக் காயவைத்து, கீழே படுத்துக்கொண்டு அடிப்பக்கத்திலிருந்து சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல தகடு கணீரென்று சொல்லும். இற்ற தகடு சொத்தென்று சொல்லும், செதில் செதிலாக உதிரும். சுத்தியலின் கூர்முனை பட்டுக் குழிந்தாலோ ஓட்டை விழுந்தாலோ அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, சுற்றிலும் நல்ல சத்தம் வரும் வரை வட்டத்தை விரிக்க வேண்டும். வட்டங்கள் நான்கு மூலையிலும் பின்கதவுப் பக்கமும் மட்டும் என்றால் அந்தத் துண்டுகளை அறுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தால் போதும். வட்டங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால் பட்டறைக்காரர் சொல்வது சரி. தகட்டைத் தாங்கும் குறுக்குச் சேனல்களையும் அதே சுத்தியலால் தட்ட வேண்டும். சேனல் போயிருந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். மேலே புதுத் தகடு போட்டு என்ன பயன்?

பற்றவைக்கும்போது ஒரு எச்சரிக்கை. டிரெய்லரை டிராக்டரிலிருந்து கழற்றிவிட வேண்டும். எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்ல வேண்டும். தூரத்தில் அச்சிலோ சக்கரத்திலோ மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியே போய் அதைக் கெடுத்துவிடும்.

நான்கு வருடத்தில் ஒரு தகடு ஏன் இந்த நிலைக்கு வந்தது? இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். உப்பு சேர்ந்துவிட்டால் வேகம் பல மடங்காகும். கடலோரம் என்றால்தான் உப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். டிரெய்லருக்கு உப்பு கடலிலிருந்து மட்டும் வருவதில்லை, உரக்கடையிலிருந்தும் வருகிறது. பொட்டாஷ் என்று மூட்டையில் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு. கடல் உப்பு சோடியம் குளோரைடு. இரும்பை அரிக்கும் குளோரைடு இரண்டிலும் ஒன்றுதான். யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே நீர்த்துக்கொள்ளும். மூட்டை ஓரத்தில் சிந்திய ஒரு கைப்பிடி யூரியா, மார்கழிப் பனியில் மழையே இல்லாமல் தகட்டை நாள்கணக்கில் நனைத்து வைத்திருக்கும். கடலைக்கு மண் அணைக்கும்போது போடும் ஜிப்சம், கோழி எரு, பாதி மக்கிய தொழு உரம், கண்மாய் வண்டல் எல்லாமே ஈரத்தைப் பிடித்துவைக்கும் சரக்குகள். வண்டல் அடித்துவிட்டு மூலையில் ஒட்டிய மண்ணை அப்படியே விட்டால், பெட்டியின் நான்கு மூலையும் வைகாசி முதல் ஆடி வரை ஈரச்சாக்கு போர்த்தியது போலத்தான் இருக்கும்.

மாட்டுவண்டிக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. பெட்டி மரம், தட்டி மூங்கில். இரும்பு இருந்தது அச்சிலும் சக்கரப் பட்டாவிலும்தான். பட்டா ரோட்டில் உரசிப் பளபளவென்று இருக்கும், அச்சுக்கு வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டி மை உண்டு. டிரெய்லர் வந்த பிறகு சுமை கூடியது, வேகம் கூடியது. கழுவும் பழக்கம் மட்டும் கூடவில்லை.

கடல் பக்கம் இது இன்னும் கடுமை. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று புதுக்கோட்டை மாவட்டத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. கரையை ஒட்டிய ஊர்களில் காற்றே உப்பைக் கொண்டுவந்து தகட்டில் படியவைக்கும். கரையிலிருந்து உள்ளே போகப்போக இது விரைவாகக் குறையும். அதனால் கடலோர ஊரில் நிற்கும் வண்டியும் அன்னவாசலில் நிற்கும் வண்டியும் ஒரே நாளில் வாங்கியவையாக இருந்தாலும் ஒரே வயதாகத் தெரியாது.

இரும்பு அரிப்பைப் பற்றி ஆராய்வதற்கென்றே ஒரு பெரிய நிறுவனம் பக்கத்துக் காரைக்குடியில் இருக்கிறது என்பது பல விவசாயிகளுக்குத் தெரியாது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், சிக்ரி. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. இந்தியாவில் எந்தெந்த ஊரில் இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று வரைபடம் தயாரித்தவர்கள் இவர்கள். கடற்காற்றில் தகடுகளை வருடக்கணக்கில் நிறுத்திப் பார்ப்பதற்காக மண்டபத்தில் இவர்களுக்கு ஓர் ஆய்வு மையம் உண்டு.

மண்டபத்துக்கு எதிரே நிற்கும் பாம்பன் பாலமே இந்த விஷயத்தில் ஒரு பாடப் புத்தகம். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தை நூறு வருடத்துக்கு மேல் ஓயாமல் சுரண்டிப் பெயிண்ட் அடித்துத்தான் காப்பாற்றினார்கள். கடைசியில் அரிப்பு காரணமாக 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டிவந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் என்ற உயர்தரப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். விவசாயி கவனிக்க வேண்டியது இன்னொன்று: இணைப்புகளை இடைவெளி இல்லாமல் முழுக்கப் பற்றவைத்திருக்கிறார்கள். டிரெய்லரில் நடப்பது இதற்கு நேர் எதிர். தரைத்தகட்டைச் சேனலோடு அரை அடிக்கு ஒரு பற்று என்று விட்டுவிட்டுப் பற்றவைக்கிறார்கள். இடையில் உள்ள சந்தில் தண்ணீர் புகுந்தால் வெளியே வராது. தகடு அங்கிருந்துதான் இற்றுப்போகத் தொடங்குகிறது. மேலே எவ்வளவு தடிமனாகப் பூசினாலும் கீழே சந்து திறந்திருந்தால் அந்தப் பூச்சுக்கு வேலையே இல்லை. துண்டுத் தகடு மாற்றும்போதே நீளப் பற்றாக வைக்கச் சொல்ல வேண்டும். பழைய சந்துகளைப் பிரைமருக்குப் பிறகு பாலியூரித்தேன் சீலன்ட் கொண்டு அடைத்துவிடலாம். கூடவே நான்கு மூலையிலும் அரை அங்குல ஓட்டை ஒன்று போட்டுவிட வேண்டும், தண்ணீர் வடிய. ஓட்டையின் விளிம்பிலும் பூச்சு ஏற வேண்டும்.

இனி பூச்சு. கடைக்காரர் சொன்ன பத்து வருடம் டப்பாவுக்குள் இல்லை. அது தகட்டைத் தயார் செய்வதில் இருக்கிறது. பூச அரை நாள் போதும். பூசுவதற்குத் தகட்டைத் தயார் செய்ய இரண்டு ஆளுக்கு இரண்டு நாள் பிடிக்கும். இந்த இரண்டு நாளைச் செலவழிக்க மனமில்லாதவர் டப்பா வாங்காமல் இருப்பதே மேல்.

முதலில் உப்பு போக வேண்டும். உப்பு தண்ணீரில்தான் கரையும், தின்னரில் கரையாது. வாட்டர் சர்வீஸில் விட்டு அழுத்தமான தண்ணீரால் உள்ளும் அடியும் அடித்துக் கழுவ வேண்டும். கடலோர ஊர்களில் போர் தண்ணீரே உப்பாக இருந்தால் கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். அடுத்தது எண்ணெய்ப் பிசுக்கு. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து அலசி, தகட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீர் படர்ந்து நின்றால் சரி. தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. இந்த வரிசை முக்கியம். எண்ணெயோடு கிரைண்டரை ஓட்டினால் எண்ணெய் தகடு முழுக்கப் பரவும்.

பிறகு துரு. கையடக்கக் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி உதிரும் துருவை எடுக்கலாம். ஆனால் கம்பி பிரஷ் ஒரு ஏமாற்று வேலை செய்யும். கெட்டித் துருவை எடுக்காமல் பாலிஷ் செய்துவிடும். பார்ப்பதற்குக் கறுப்பாக மின்னும், தகடு என்றே தோன்றும். அந்த இடத்தில் 80-ம் நம்பர் உப்புத்தாளால் நாலு இழு இழுத்தால் வெள்ளை இரும்பு வர வேண்டும். வரவில்லை என்றால் ஃபிளாப் டிஸ்க் மாட்டி ஓட்ட வேண்டும். துவாக்குடிப் பக்கம் பிளாஸ்டிங் செய்யும் இடங்கள் இருக்கின்றன. பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோக வசதி உள்ளவர்களுக்கு அது எல்லாவற்றையும்விட நல்லது. வீட்டில் ஆற்று மணலை வைத்துக் கம்பிரசரில் அடித்துப் பார்க்கும் வேலை மட்டும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது.

புதிதாக வைத்த தகட்டுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆலையிலிருந்து வரும் தகட்டின் மேல் நீலக் கறுப்பில் ஒரு தோல் இருக்கும். பூச்சு அந்தத் தோலில் ஒட்டும், தோல் தகட்டிலிருந்து உரியும். புது டிரெய்லரில் இரண்டாம் வருடமே பெயிண்ட் பாளம் பாளமாக விழுவதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம். அந்தத் தோலையும் டிஸ்க் போட்டு எடுக்க வேண்டும்.

குழிகளுக்குள் எட்டாத துருவுக்கு, துருமாற்றி என்று கடையில் விற்கும் திரவம் உதவும். பாஸ்பாரிக் அமிலமோ டானினோ இருக்கும். டானின் வேலை செய்யும் விதம் பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான். கடுக்காய் ஊறிய தண்ணீரில் இரும்பு பட்டால் கறுக்கும். மை தயாரித்ததும் துணிக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியதும் அப்படித்தான். துருவிலும் அதே கறுப்பு உண்டாகி அது நிலையாக நிற்கிறது. அதற்காக வீட்டில் கடுக்காயை இடித்துப் பூசிச் சோதிக்க வேண்டாம், அளவு பிடிபடாது. புளி போட்டுத் தேய்த்தாலும் துரு போகும். ஆனால் புளியின் அமிலம் தங்கினால் மறுநாள் காலையில் தகடு மஞ்சள் பூத்து நிற்கும். எந்தத் துருமாற்றியானாலும், பூசிய பிறகு கழுவ வேண்டுமா வேண்டாமா என்று டப்பாவில் போட்டிருப்பதைப் படிப்பது நல்லது. தயாரிப்புக்குத் தயாரிப்பு இது மாறும்.

வெள்ளை இரும்பு தெரிந்த நாளிலேயே பிரைமர் ஏறிவிட வேண்டும். ஒரு ராப்பனி போதும், இரண்டு நாள் வேலையை வீணாக்க.

எந்தப் பிரைமர் என்பதில்தான் அதிகம் பேர் பணத்தை இழக்கிறார்கள். கடையில் கேட்டவுடன் கையில் கொடுப்பது சாதாரண ரெட் ஆக்ஸைடு. ஒற்றை டப்பா எனாமல் பெயிண்ட் அடிப்பதானால் அது போதும். ஆனால் அதன் மேல் ஹார்டனர் கலந்த எபாக்ஸியோ பாலியூரித்தேனோ பூசினால், மேல் பூச்சில் உள்ள கரைப்பான் கீழே இருப்பதைக் கிளப்பிவிடும். வெந்த பாலாடை போலச் சுருங்கும். மறுபடி முதலிலிருந்து சுரண்ட வேண்டியதுதான். இரு பாகப் பூச்சுக்கு இரு பாக எபாக்ஸி பிரைமர்தான் ஜோடி. சிங்க் பாஸ்பேட் சேர்ந்த எபாக்ஸி பிரைமர் என்று கேட்டு வாங்கலாம். மஞ்சள் நிற சிங்க் குரோமேட்டைத் தவிர்ப்பது நல்லது. அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் வகையைச் சேர்ந்தது, பின்னாளில் சுரண்டும்போது தூசியாக வரும்.

மேல் பூச்சில் எபாக்ஸி கடினமானது, உரத்துக்குத் தாக்குப்பிடிக்கும். ஆனால் வெயிலில் மாவு பூத்துவிடும். பாலியூரித்தேன் வெயிலைத் தாங்கும், கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். திறந்த வெளியில் நிற்கும் டிரெய்லருக்கு எபாக்ஸி பிரைமர் ஒன்று, பாலியூரித்தேன் இரண்டு என்பது பொருத்தம். வெளிநாட்டு வீடியோக்களில் துப்பாக்கியால் அடித்தவுடன் இறுகும் பூச்சு ஒன்றைக் காட்டுவார்கள். அது பாலியூரியா. சூடாக்கி உயர் அழுத்தத்தில் அடிக்கும் இயந்திரம் வேண்டும், வீட்டில் நடக்காது. கடையில் கிடைக்கும் ‘பெட் லைனர்’ டப்பாக்கள் பெரும்பாலும் ரோலரில் பூசும் பாலியூரித்தேன்தான். அதில் சொரசொரப்பு வருவதற்காகத் துகள் கலந்திருக்கும். குட்டியானை, பிக்கப் வண்டிகளில் பெட்டி வழுக்காமல் நிற்க அது நல்லது. தூக்கிக் கொட்டும் டிப்பருக்கு அது தொல்லை. வண்டல் சரியாமல் ஒட்டிக்கொள்ளும், நெல் தங்கும். டிப்பருக்கு வழவழப்பான பூச்சே சரி.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு ஒரு கணக்கு. 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரப் பக்கப்பலகை என்றால் தரை 60 சதுர அடி, பக்கங்கள் உட்புறம் 64 சதுர அடி. மொத்தம் 124 சதுர அடி, ஏறக்குறைய 11.5 சதுர மீட்டர். டப்பாவில் திடப்பொருள் 60 சதவீதம் என்றிருந்தால் ஒரு லிட்டர், 100 மைக்ரான் தடிமனில் 6 சதுர மீட்டர் வரும். 100 மைக்ரான் என்பது ஏறக்குறைய ஒரு நோட்டுத் தாளின் தடிமன். ஆக ஒரு கோட்டுக்கு 2 லிட்டர். பிரஷ்ஷிலும் டப்பாவிலும் குழியிலும் போவதைச் சேர்த்தால் இரண்டரை லிட்டர். அடிப்பக்கத்துக்கும் சேனலுக்கும் தனியாகக் கணக்குப் போட வேண்டும். ‘ஒரு லிட்டரில் முழுப் பெட்டியும் முடித்தேன்’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அவர் தின்னரை ஊற்றி நீட்டியிருக்கிறார் என்று பொருள்.

பூசும்போது முதலில் சின்ன பிரஷ்ஷால் விளிம்பு, பற்று, போல்ட் தலை, கொண்டி ஆகியவற்றுக்கு ஒரு பூச்சு கொடுத்துவிட வேண்டும். கூரான விளிம்பில் பூச்சு நிற்காமல் விலகும், துரு அங்கேதான் முதலில் தலைகாட்டும். பிறகு ரோலர். ஹார்டனரை டப்பாவில் சொன்ன அளவில்தான் கலக்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று கூட ஊற்றினால் காயாது, கெடும். ஒரு மணி நேரத்தில் பூசி முடிக்கும் அளவு மட்டும் கலக்கலாம். மீதியை வாளியில் வைத்தால் சூடேறி அப்படியே கல்லாகும். இரண்டு கோட்டுக்கு நடுவே எத்தனை மணி நேரம் என்பதும் டப்பாவில் இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, பனியன் வேஸ்டால் துடைத்துவிட்டு அடுத்ததைப் பூச வேண்டும்.

காலம் என்றால் பங்குனி. சம்பா ஏற்றி முடிந்து வண்டி சும்மா நிற்கும், பனியும் விலகியிருக்கும். ஆடியில் பூசலாம் என்று தள்ளினால் காற்று அள்ளிவரும் செம்மண் புழுதி பூச்சில் படியும். ஐப்பசி, கார்த்திகையை நினைக்கவே வேண்டாம். பங்குனியிலும் உச்சிவெயில் ஆகாது. தகட்டில் உள்ளங்கையை வைத்து ஐந்து எண்ணும் வரை தாங்க முடியவில்லை என்றால், பூசியவுடன் கரைப்பான் கொதித்துக் குமிழிவிடும். காலையில் தொட்டால் ஜில்லென்று இருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு மேல், மர நிழலில் அல்லது பக்கம் திறந்த கொட்டகையில் வைத்துக்கொள்வது பொருத்தம். வேப்பமரம் பூ உதிர்க்கும் காலம் என்பதால் மரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. பாலியூரித்தேன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுக்கும். துண்டு கட்டிக்கொள்வதோ கொரோனா முகக்கவசமோ இதைத் தடுக்காது. கரிவாயு வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். ஸ்பிரே அடிக்காமல் பிரஷ், ரோலரில் பூசினால் மூச்சில் போவது வெகுவாகக் குறையும். வீசிங் உள்ளவர் இந்த வேலையில் இறங்கவே கூடாது. தின்னர் இருக்கும் இடத்தில் பீடி கூடாது. கையில் பட்டதைத் தின்னரால் கழுவாமல், தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து சோப்புப் போடலாம்.

பூசிய மறுநாள் கை வைத்தால் ஒட்டாது. அதை நம்பி நெல் ஏற்றிவிடக் கூடாது. உள்ளே இறுகி முடிய ஒரு வாரம் வேண்டும். ஒரு வாரம் கழித்து ஒரு மூலையில் பிளேடால் பெருக்கல் குறிபோலக் கீறி, செல்லோடேப்பை அழுத்தி ஒட்டிச் சடக்கென்று இழுத்துப் பார்க்கலாம். பூச்சு டேப்போடு வந்தால் எங்கோ எண்ணெயோ துருவோ மிச்சம் இருந்திருக்கிறது. வராவிட்டால் கீறலில் ஒரு பொட்டு வைத்து மூடிவிட்டு வண்டியை எடுக்கலாம்.

நெல்லும் தீவனமும் ஏற்றும் பெட்டிக்கு இன்னொரு கவனம் தேவை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து இந்தியாவில் அமலில் இருக்கிறது. ஆனால் அந்த விதி வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்குத்தான். தொழிற்சாலைப் பெயிண்டுகள் அதில் வரவில்லை. ஆகவே ஈயம் சேர்க்காதது என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குவது நல்லது. பழைய பூச்சைச் சுரண்டிய செதிலையும் தூசியையும் தார்ப்பாயில் பிடித்து அள்ளிவிட வேண்டும். களத்தில் விட்டால் மாடு நக்கும், கோழி கொத்தும். ஈயத்தால் கன்றுக்குட்டிகள் கண் தெரியாமல் முட்டிமோதிச் சாவது கால்நடை மருத்துவர்களுக்குப் புதிதல்ல. நெல்லை உதிரியாக ஏற்றுபவர்கள் பூச்சு எப்படி இருந்தாலும் தார்ப்பாய் விரித்து ஏற்றுவது நல்லது, விதை நெல்லாக இருந்தால் கட்டாயம்.

கல், ஜல்லி, எம்-சாண்ட் அடிக்கும் வண்டிக்கு இந்தச் செலவு வேண்டாம். ஜேசிபி பக்கெட் ஒரு முறை தரையைச் சுரண்டினால் எந்தப் பூச்சும் கிழியும். குவாரி வேலைக்குப் போகும் டிரெய்லருக்குத் தடித்த தகடு ஒன்றைத் தரையில் கூடுதலாகப் போட்டு, அது தேய்ந்தால் மாற்றிக்கொள்வதே கட்டுப்படியாகும். கீரமங்கலம், வடகாடு பக்கம் பூவும் பலாவும் வாழைத்தாரும் மட்டும் ஏற்றும் வண்டிகளுக்கு இரு பாகப் பூச்சுகூட அதிகப்படி. துரு எடுத்து ரெட் ஆக்ஸைடு, எனாமல், வருடாவருடம் கொஞ்சம் திருத்தம் என்று ஓட்டலாம். பூச்சு தன் விலைக்கு உழைப்பது உரம், எரு, வண்டல், நெல் என்று எல்லாம் மாறிமாறி ஏற்றும் விவசாய டிரெய்லரிலும், மீன் ஐஸ் தண்ணீர் வடியும் கடலோர வண்டிகளிலும்தான்.

ஆவுடையார்கோவில் வாசகர் இந்தப் பங்குனியில் செய்ய வேண்டியது இது: சுத்தியலால் தட்டிப் போன இடத்தை மட்டும் நீளப் பற்றாக மாற்றிவிட்டு, மேலும் கீழும் துரு எடுத்து எபாக்ஸி பிரைமர் போடட்டும். கையில் பணம் குறைவாக இருந்தால் பாலியூரித்தேனைத் தரைக்கும் பக்கப்பலகையின் அடி அரை அடிக்கும் மட்டும் பூசி, மீதிக்கு எபாக்ஸி பிரைமருக்குப் பொருந்தும் மலிவான மேல் பூச்சு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அது வரை அந்தப் பெட்டியில் ஆள் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசரத்துக்கு ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் சேனலுக்குச் சேனல் எட்டும்படி பலகை போட்டு, அதன் மேல் நடக்கட்டும்.

இதை ஒட்டி வந்த வேறு இரண்டு கேள்விகள்.

மழைக்கு முன் வேஸ்ட் ஆயில் தடவினால் போதாதா என்று கறம்பக்குடியிலிருந்து ஒருவர் கேட்கிறார். தடவினால் கொஞ்ச நாள் துரு நிற்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் என்ஜினில் வெந்த அந்த எண்ணெயில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் உலோகங்களும் இருக்கின்றன. வைக்கோலிலும் நெல்லிலும் ஒட்டும். மாட்டுக்கு அதன் மேல் ஏனோ ஆசை, நக்கும். மழையில் வழிந்து வயலுக்கோ கிணற்றுக்கோ போகும். டயரும் ரப்பர் ஹோஸும் ஊறிக் கெடும். பின்னால் பூச்சு போடலாம் என்று மனம் மாறினாலும் ஒட்டாது. ஏற்கெனவே தடவியவர்கள் பூச்சு வேலைக்கு முன் சோப்பு அலசலை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

பழைய ரப்பர் ஷீட்டை தரையில் விரித்தால் பூச்சே வேண்டாமே என்கிறார் அறந்தாங்கிப் பக்கத்து வாசகர். அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளுக்கு இதே யோசனையில் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைச் செய்து பெட்டிக்குள் இறக்கிவைத்துப் பார்த்தார்கள். தொட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே தண்ணீரும் மண்ணும் புகுந்து, ஆட்டத்தில் பெயிண்ட் தேய்ந்து, வெளியே தெரியாமல் தகடு இற்றுப்போனது. தகட்டோடு ஒட்டிக்கொள்ளும் பூச்சு அங்கே பரவ அதுவும் ஒரு காரணம். ரப்பர் ஷீட் போடுவதானால் பூச்சின் மேல் போடலாம், அடி படாமல் காக்கும். ஆனால் ஒவ்வொரு நடைக்கும் பிறகு சுருட்டி எடுத்துக் காயவைக்க வேண்டும். ஆணி அடித்து நிரந்தரமாக மாட்டக் கூடாது.

கடைசியாக, பூசும் உற்சாகத்தில் சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தையும் பின்புறம் ஒட்டியிருக்கும் சிவப்பு ஒளிரும் பட்டையையும் மூடிவிட வேண்டாம். வேலையைத் தொடங்கும் முன் நம்பர் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிடலாம். பட்டை பழசாகி மங்கியிருந்தால் பூச்சு இறுகிய பிறகு புதுசு வாங்கி ஒட்டலாம்.